இரும்புத் தண்ணீருக்கு இரண்டு பரல்

மட்டக்களப்பின் களுதாவளையில் என் அக்கா வீட்டுக் குழாய்க்கிணற்றுத் தண்ணீர், மோட்டரைப் போட்டு வாளியில் பிடிக்கும்போது துளிகூடக் கலங்கல் இல்லாமல்தான் வரும். ஒரு மணித்தியாலம் போனால் மங்கும். விடிந்து பார்த்தால் வாளியின் அடியில் காவி நிறத்தில் வண்டல் இருக்கும். வெள்ளைப் பள்ளிக்கூடச் சட்டை பழுப்பாகும், குளியலறைச் சீமெந்தில் துருக்கறை படியும். பிளேன்டீ போட்டால் மை. மை என்பதை உள்ளபடியே சொல்கிறேன். தேயிலையில் இருக்கிற தனின் இரும்போடு சேர்ந்தால் கருநீலமாகிவிடும். ஐரோப்பாவில் நூற்றாண்டுக் கணக்கில் ஆவணங்களை எழுதிய மையும் இதே சேர்க்கைதான், தேயிலைக்குப் பதில் கருவாலி மரத்துக் கழலையில் இருந்து தனினை எடுத்தார்கள். அக்கா அந்தத் தேத்தண்ணிக்குள் அரைத் தேசிக்காய் பிழிந்தா. கறுப்பு இறங்கி மஞ்சளானது. அமிலம் அந்தப் பிணைப்பை உடைத்துவிடுகிறது. ஆய்வுகூடத்துக்குப் போகமுன் எங்களிடம் இருந்த சோதனை இதுதான், இரும்பைப் பிடிக்கிற மணல் வடியைக் கட்டி முடித்த பிறகும் தினமும் காலையில் பார்ப்பது இதைத்தான்.

ஆய்வுகூடத்தில் வந்த கணக்கு: இரும்பு லீற்றருக்கு 4 மில்லிகிராம், அமிலத்தன்மையைக் காட்டுகிற பிஎச் 6.3 (7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம்). குடிநீருக்கான இலங்கைத் தரம் இரும்புக்கு 0.3 என்று வைத்திருக்கிறது. அது பெரும்பாலும் சுவைக்கும் கறைக்குமான எல்லை. இந்த அளவு இரும்பு நஞ்சு இல்லை. ஆனால் சுவை கெட்ட தண்ணீரை வீட்டில் யாரும் குடிக்கவில்லை, போத்தல் தண்ணீருக்குக் காசு போய்க்கொண்டிருந்தது. அத்தான் கடையில் விற்கிற வடி ஒன்றை வாங்கலாம் என்றார். விலையைக் கேட்டுவிட்டு நானே கட்டித் தருகிறேன் என்று சொன்னேன். மருமகள் சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு, உயர்தரத்துக்கு உயிரியலா கணிதமா என்ற யோசனையோடு வீட்டில் இருந்தாள். கொப்பி எழுதுகிற வேலையை அவளிடம் கொடுத்தேன்.

முதலில், தெளிவாக வருகிற தண்ணீரில் இரும்பு எங்கிருந்து வருகிறது? களுதாவளை கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கிற மணல் திட்டு. மேலே நல்ல மணல், வெற்றிலையும் மிளகாயும் வெங்காயமும் அதில்தான் விளைகின்றன. குழாய் இறங்குகிற ஆழத்தில் பழைய வாவிச் சேறும் மக்கிய இலைதழையும் கலந்த படை உண்டு, அக்கா வீட்டுக் குழாயைத் துளைத்தபோது கறுப்பு மண் வந்ததை அத்தான் பார்த்திருக்கிறார். அந்த மக்கலைத் தின்கிற பற்றீரியாக்கள் ஒட்சிசனை எல்லாம் தீர்த்துவிடும். ஒட்சிசன் தீர்ந்தால் சில வகைகள் மணலில் ஒட்டியிருக்கிற துருவையே பயன்படுத்தி மூச்சுவிடும். துருவில் இருக்கிற இரும்பு வடிவமான பெரிக்கு அயன், இன்னொரு வடிவமான பெரசு அயனாகும், பெரசு தண்ணீரில் கரையும். மக்கலில் இருந்து வருகிற காபனீரொட்சைட்டு தண்ணீரை அமிலப் பக்கம் தள்ளும். ஆக, அந்த 4 மில்லிகிராமைக் கரைத்தது உயிர்கள், அதற்கு இடம் கொடுத்தது புவிச்சரிதம், அது வாளியில் வந்து செய்வது இரசாயனம். கிணற்றடிக்கு வருவதற்கு முன்பே மூன்று பாடம்.

உப்பைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மோட்டரின் வேகத்தை முடிவு செய்தது அதுதான். இந்தத் திட்டின் அடியில் கடல்நீர் இருக்கிறது, நன்னீர் அதன்மேல் மிதக்கிறது. கடல்நீரின் அடர்த்தி கன மீற்றருக்கு 1025 கிலோகிராம், நன்னீருடையது 1000. வித்தியாசம் 25. ஆயிரத்தை 25ஆல் வகுத்தால் 40. கடல் மட்டத்துக்கு மேலே ஒரு மீற்றர் நன்னீர் நின்றால் கீழே 40 மீற்றர் நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. ஒல்லாந்துப் பொறியியலாளர் பாடன் கைபன் 1889இலும் ஜேர்மனியரான ஹெர்ஸ்பேர்க் 1901இலும் தனித்தனியே கண்டது இது. மறுபக்கம் பார்த்தால், மோட்டர் மேலே நன்னீர் மட்டத்தை அரை அடி இறக்கினால் கீழே உப்பு 20 அடி ஏறப் பார்க்கும். உண்மையில் அவ்வளவு வேகமாக நடப்பதில்லை, மணல் தடுக்கும். ஆனாலும் சுனாமிக்குப் பிறகு உப்பாகிப்போன கிணறுகளை இறைத்து இறைத்துக் காலியாக்கியபோது சில இடங்களில் கீழிருந்த உப்பு மேலே வந்ததும், கடைசியில் மாரி மழைதான் அவற்றைக் கழுவியதும் இங்கே எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். இரும்பைப் பிடிக்கிற வடி உப்பைப் பிடிக்காது. அதனால் மோட்டரைக் காலையில் கொஞ்சம், பின்னேரம் கொஞ்சம் என்று பிரித்துப் போடச் சொன்னேன்.

இனிக் கணக்கு. கரைந்த பெரசு ஒட்சிசன் பட்டால் பெரிக்காகி, ஐதரொட்சைட்டாகப் படியும். நான்கு இரும்பு அணுவுக்கு ஒரு ஒட்சிசன் மூலக்கூறு போதும். நிறையில் பார்த்தால் 1 மில்லிகிராம் ஒட்சிசன் 7 மில்லிகிராம் இரும்பைப் பார்த்துக்கொள்ளும். எங்கள் 4 மில்லிகிராமுக்கு 0.6 கூட வேண்டாம். 30 பாகை வெயிலிலும் தண்ணீர் லீற்றருக்கு ஏழரை மில்லிகிராம் ஒட்சிசனைப் பிடித்து வைத்திருக்கும். காற்றை ஊதுகிற மோட்டர் எதுவும் தேவையில்லை, உயரத்திலிருந்து விழவிட்டால் சரி.

20 லீற்றர் பெயிண்ட் வாளி ஒன்றின் அடியில் 2 மில்லிமீற்றர் பிற்றால் நெருக்கமாகத் துளை போட்டேன். அதைச் சீமெந்துக் கல் அடுக்கின் உச்சியில் வைத்தேன். அதிலிருந்து இரண்டடி கீழே இன்னொரு வாளி, அதற்கும் கீழே 200 லீற்றர் நீலப் பரல், அது படியவிடுகிற பரல். அதிலிருந்து குழாய் வழியாக மணல் பரலுக்கு. தண்ணீர் கம்பி கம்பியாக இல்லாமல் துளி துளியாக உடைந்து விழவேண்டும். ஒட்சிசன் காற்றிலிருந்து துளிக்குள் பரவுகிற வேகம் துளியின் மேற்பரப்பையும், உள்ளே வெளியே இருக்கிற செறிவு வித்தியாசத்தையும் பொறுத்தது. இந்தப் பரவல் விதியை 1855இல் சொன்ன அடோல்ப் ஃபிக் ஓர் உடற்றொழிலியலாளர். உயிருள்ள சவ்வுகளின் ஊடாகப் பொருட்கள் எப்படிக் கடக்கின்றன என்று யோசித்தவர், ஃபூரியே 1822இல் வெப்பத்துக்கு எழுதிய சமன்பாட்டை எடுத்து உப்புக் கரைசலுக்குப் பொருத்தினார். அதே ஃபூரியேயைப் பார்த்துத்தான் ஓம் 1827இல் மின்னோட்ட விதியை எழுதினார். இவர்களுக்குப் பின்னால் வருகிற இன்னொருவர் மணல் பரலில் வருவார்.

துளி விழுந்து ஒட்சிசன் ஏறிய தண்ணீர் படியவிடும் பரலில் கிடந்தும் மெதுவாகத்தான் மஞ்சளித்தது. இது எதிர்பார்த்ததுதான். ஒட்சிசன் இருந்தால் மட்டும் போதாது, இந்தத் தாக்கத்தின் வேகம் பிஎச்சில் தொங்குகிறது, அதுவும் சாதாரணமாக இல்லை. ஐதரொட்சைட்டு அயன் செறிவின் வர்க்கத்தோடு வேகம் கூடும். பிஎச் ஒரு அலகு ஏறினால் நூறு மடங்கு. பிஎச் 7இல் நிமிடக் கணக்கில் முடிகிற வேலை 6இல் மணிக்கணக்கில் இழுக்கும். விழுகிறபோது காபனீரொட்சைட்டு கொஞ்சம் பறந்து போகிறது, அதனாலேயே 6.3 ஏறி 6.8 ஆனது. அதற்கு மேலே ஏற்ற நடு வாளியில் மட்டி ஓடு போட்டோம்.

மட்டி ஓடு வாவிக்கரையில் சும்மா கிடைக்கும். முருகைக்கல் இன்னும் நல்லது என்று பக்கத்து வளவுக்காரர் சொன்னார். நல்லதுதான், ஆனால் அதை உடைத்து எடுப்பது சட்டப்படி குற்றம், தவிர, கரையைக் காக்கிறதே அதுதான். ஓட்டை நன்றாகக் கழுவி, பெருவிரல் நக அளவுக்கு உடைத்து, வாளியில் முக்கால் பங்கு நிரப்பினோம். ஓடு கல்சியம் காபனேற்று. மிஞ்சிய காபனீரொட்சைட்டு அதைக் கொஞ்சம் கரைத்து, தன் அமிலத்தன்மையைத் தானே இழந்துவிடும். வாளியைத் தாண்டிய தண்ணீரில் 7.2.

மருமகள் கொப்பியில் 6.3 இலிருந்து 7.2 என்று எழுதிவிட்டு, “பூச்சியம் தசம் ஒன்பதுதானே மாமா, இதுக்கா இவ்வளவு பாடு?” என்றாள். வேகம் வர்க்கத்தோடு கூடுவதால் 0.9ஐ இரட்டித்து, கல்குலேட்டரில் பத்தின் அடுக்கு 1.8 போடச் சொன்னேன். 63 என்று வந்தது, அத்தனை மடங்கு வேகம். பேசாமல் அதையும் எழுதிக்கொண்டாள்.

இந்த பிஎச் என்ற அளவுகோலின் பிறப்பைக் கேட்டால் எந்தப் பாடத்துக்காரரும் சொந்தம் கொண்டாட முடியாது. அந்த அளவுகோலுக்கு அடிப்படையான மடக்கையைக் கொடுத்தவர் நேப்பியர், 1614இல். அதைக் கொண்டாடியவர்கள் வான்கணிப்புக்காரர்கள். அதை அமிலத்துக்குப் பொருத்தியவர் சோரன்சன், 1909இல், கொப்பன்ஹேகனில் ஒரு பியர் கம்பனியின் ஆய்வுகூடத்தில். நொதியங்கள் எவ்வளவு அமிலத்தில் வேலை செய்கின்றன என்று பார்க்க அவருக்கு அந்த அளவுகோல் தேவைப்பட்டது. மின்னணு மீற்றரை 1934இல் செய்தவர் ஆர்னல்ட் பெக்மன், கலிபோர்னியாவில் எலுமிச்சைச் சாறு பதப்படுத்துகிறவர்களுக்காக. சாற்றில் போட்ட கந்தகவீரொட்சைட்டு லிட்மசு நிறத்தை வெளுக்கச் செய்ததால் அவர்களால் நிறத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. எங்களுக்கும் நிறம்தான் பிரச்சினை. மஞ்சள் தண்ணீரில் தோய்த்த காட்டித்தாள் எது மஞ்சள், எது பச்சை என்று சண்டை வரவைக்கும். பேனா அளவில் இப்போது விற்கிற மலிவான மீற்றர் போதும், ஆனால் பிஎச் முன்பே தெரிந்த நியமக் கரைசலில் அடிக்கடி சரிபார்க்க வேண்டும், இல்லாவிட்டால் அது சொல்வதை நம்பக்கூடாது.

மணல்தான் அதிக நேரம் எடுத்தது. ஆற்று மணல் வேண்டும், கடல் மணலில் உப்பும் ஓட்டுத்தூளும் கிடக்கும். நுளம்பு வலையில் முதலில் சலித்துப் பருக்கையை எடுத்தோம். பிறகு கழுவல். வாளியில் கால் பங்கு மணல், மேலே தண்ணீர், கையால் கலக்கி, இருபது வினாடி எண்ணி, கலங்கலைச் சாய்த்து ஊற்றுவது. இருபது வினாடி வாய்க்கு வந்த எண் இல்லை. தண்ணீரில் சிறு துணிக்கை விழுகிற வேகம் அதன் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 0.2 மில்லிமீற்றர் மணல் வாளியின் ஆழத்தைப் பத்து வினாடியளவில் கடந்துவிடும். அதில் பத்தில் ஒரு பங்கு விட்டமுள்ள வண்டலுக்கு நூறு மடங்கு நேரம் வேண்டும். இடையில் எங்கே சாய்த்தாலும் மணல் உங்களுக்கு, வண்டல் வெளியே. ஜோர்ஜ் ஸ்ரோக்ஸ் இந்த விதிக்கு 1851இல் வந்தது ஊசல் ஆடும்போது காற்று அதை எவ்வளவு தடுக்கிறது என்று பார்க்கப் போய். மணிக்கூட்டு ஊசலுக்காகப் போட்ட கணக்கில் அக்கா வீட்டு முற்றத்தில் மணல் கழுவினோம். கலங்கல் தெளிய நிறைய வாளி போகும், பொறுமை வேண்டும், அந்தத் தண்ணீர் வாழைக்கு.

மணல் பரலின் அடியில் அரை இஞ்சி பீவிசி குழாயை ஹெக்சோ பிளேட்டால் கீறிப் படுக்க வைத்து, மேலே முதலில் முக்கால் இஞ்சிக் கல், பிறகு பொடிக்கல், பிறகு இரண்டடி மணல். வெளிவருகிற குழாயைப் பரலின் வெளிப்புறமாக மேலே ஏற்றி, மணல் மட்டத்தைவிட 5 சென்ரிமீற்றர் உயரத்தில் வளைத்து விட்டேன். இதனால் மோட்டர் நின்றாலும் மணலுக்கு மேலே 5 சென்ரிமீற்றர் தண்ணீர் நிற்கும், மணல் காயாது. அதற்கு மேலே தண்ணீர் நின்றால் ஒட்சிசன் மணல் வரை பரவி இறங்காது, ஃபிக்கின் விதி திரும்பவும். ஒரு எச்சரிக்கை: வளைவின் வாயில் ஹோஸ் மாட்டி நிலத்தில் இருக்கிற பானைக்கு இழுக்காதீர்கள். தண்ணீர் சைபனாக இழுபட்டு, மணல் வரை வற்றிவிடும்.

பரலின் உள்விட்டம் 57 சென்ரிமீற்றர், பரப்பு ஏறக்குறைய கால் சதுர மீற்றர். மெதுவான மணல் வடியில் தண்ணீர் மணிக்கு 0.1 முதல் 0.4 மீற்றர் வரை இறங்கலாம். 0.2 எடுத்தால் மணிக்கு 50 லீற்றர், அதாவது ஒரு லீற்றர் போத்தல் நிரம்ப 72 வினாடி. தொலைபேசியில் நேரம் வைத்து, வால்வைத் திருகித் திருகி அந்த இடத்துக்குக் கொண்டுவந்தோம். தண்ணீர் மட்டம் இரு மடங்கானால் ஓட்டம் இரு மடங்கு, மணல் படை தடித்தால் அந்த அளவுக்குக் குறையும் என்பதை 1856இல் எழுதியவர் ஹென்றி டார்சி. பிரான்சில் டிஜோன் நகரத்துக்குக் குடிநீர் கொண்டுவந்த பொறியியலாளர் அவர். ஓமின் விதியும் இதுவும் எழுத்தை மாற்றினால் ஒன்று. அழுத்த வித்தியாசம் வோல்ற்றளவு, மணல் தடை, தண்ணீர் மின்னோட்டம். இதைச் சொன்னபோது மருமகள், “இதெல்லாம் ஒரே பாடத்துல வராதா மாமா?” என்றாள். “ஓஎல் வரைக்கும் ஒரே பாடமாத்தானே படிச்ச? மறுகா என்னைக் கேக்கிறாய்” என்றேன்.

தொடக்கத்தில் வந்த தண்ணீரில் பிளேன்டீ இன்னும் கொஞ்சம் கறுத்தது. ஆனால் நாளாக நாளாகத் தெளிந்தது, அதற்காக நாங்கள் எதையும் மாற்றவில்லை. மணல் மணிகளில் துரு மெல்லிய பூச்சாகப் படிகிறது. அந்தத் துருப் பூச்சு கரைந்த பெரசைப் பிடித்து இழுத்து, அதன் ஒட்சியேற்றத்தையும் வேகப்படுத்துகிறது. படிந்த இரும்பே அடுத்த இரும்பைப் பிடிக்கிறது. அத்தான் மணலின் மேல் காவி நிறத்தைக் கண்டு, “மணல் ஊத்தையாப் போச்சு, கொட்டிக் கழுவுவம்” என்று மண்வெட்டியோடு வந்துவிட்டார். தடுத்து நிறுத்தினோம். அந்த ஊத்தைதான் வடி.

துருவோடு சேர்ந்து உயிர்களும் குடியேறுகின்றன. இரும்பை ஒட்சியேற்றிப் பிழைக்கிற பற்றீரியாக்கள் உண்டு, கலியொனெல்லா என்பது ஒன்று. இரும்பிலிருந்தே ஓர் உயிர் சக்தி எடுக்க முடியும் என்று 1888இல் முன்வைத்தவர் ரஷ்யரான வினோகிராட்ஸ்கி. வீட்டு வாய்க்காலில் தேங்கிய தண்ணீரில் எண்ணெய் கொட்டியதுபோல வானவில் நிறப் பாடை நிற்குமே, அதைக் குச்சியால் குத்திப் பாருங்கள். எண்ணெய் என்றால் விலகி மறுபடி ஒன்றுசேரும். இது வெடித்துத் துண்டு துண்டாகப் பிரிந்து நிற்கும், பிறகு சேராது. இரும்பும் இந்தப் பற்றீரியாக்களும் செய்த பாடை அது. அக்கா வீட்டு வேலியோரத்தில் இது வருடக்கணக்கில் கிடந்தது, மோட்டர் எண்ணெய் ஒழுகுகிறது என்று இரண்டு மெக்கானிக்குகள் மோட்டரைக் கழற்றிப் பார்த்திருக்கிறார்கள்.

மணலின் மேற்பரப்பில் வளர்கிற உயிர்ப்படை கிருமிகளையும் கணிசமாகப் பிடிக்கும். 1829இல் லண்டனில் ஜேம்ஸ் சிம்சன் தேம்ஸ் நதிக்கரையில் மணல் வடி கட்டியபோது கிருமி என்ற எண்ணமே ஊன்றவில்லை, கலங்கலைப் போக்கத்தான் கட்டினார். 1892இல் ஜேர்மனியின் ஹம்பேர்க்கில் கொலரா வந்து 8,600 பேர் வரை இறந்தார்கள். அதே எல்ப் ஆற்றில், ஹம்பேர்க்கின் கழிவு கலந்த பிறகு தண்ணீர் எடுத்த பக்கத்து அல்டோனா பெருமளவு தப்பியது. அல்டோனாவில் மணல் வடி இருந்தது, ஹம்பேர்க்கில் இல்லை. கிருமிகளை ஆராய்ந்த மருத்துவர் ரொபேர்ட் கோக் அதைச் சுட்டிக்காட்டியபோது, பொறியியலாளர்கள் அறுபது வருடமாகச் செய்துவந்த வேலையின் பயன் மருத்துவத்தால் விளங்கியது. இதைச் சொல்வது, எங்கள் பரலை நம்பிப் பச்சைத் தண்ணீர் குடிக்கலாம் என்று சொல்ல அல்ல. அக்கா கொதிக்க வைத்துத்தான் குடிக்கக் கொடுக்கிறா, நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

இரண்டாவது ஆய்வுகூட அறிக்கையில் இரும்பு 0.2. தேத்தண்ணி தேத்தண்ணி நிறத்தில் வருகிறது.

பராமரிப்புக்கு இரண்டு விஷயம். மட்டி ஓட்டின்மேல் துரு மூடினால் அது கரைவதை நிறுத்திவிடும், பிஎச் இறங்கும். அப்போது வாளியைக் கழற்றி ஓடுகளை ஒன்றோடொன்று உரசிக் கழுவவேண்டும். போத்தல் நிரம்ப இரண்டு மூன்று மடங்கு நேரம் எடுத்தால் மணலின் மேல் அரை இஞ்சியைக் கையால் கிளறி, கலங்கிய தண்ணீரைக் கோப்பையால் மொண்டு எடுத்தால் போதும், அடியைத் தொடக்கூடாது. நாளைக்கு 100 லீற்றர் வடித்தால் 400 மில்லிகிராம் இரும்பு, ஐதரொட்சைட்டாகப் பார்த்தால் முக்கால் கிராம். காய்ந்த நிறையில் மாதத்துக்கு 23 கிராம்தான். ஆனால் ஈரத்தில் அது கூழாக ஊதிப் பரல் அடியில் கிடக்கும், அளவைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை.

அந்தக் கூழை வெற்றிலைப் பாத்திக்குப் போடலாம், இரும்புச் சத்து என்று அத்தான் சொன்னார். வேண்டாம் என்றேன். புதிதாகப் படிந்த இரும்பு ஐதரொட்சைட்டு பொசுபேற்றை இறுகப் பிடிக்கும், போட்ட உரத்தை வேருக்கு விடாது. வேலிக்கு வெளியே, நடைபாதைக் குழியில் கொட்டுகிறார்கள்.

மிச்சம் இருப்பது கறுப்புக் கறை. கழிவறைத் தொட்டியின் உள்பக்கம் இன்னும் கறுப்பாகத்தான் படிகிறது. அது மங்கனீசாக இருக்கவேண்டும். அதைக் காற்றால் மட்டும் படியவைக்க பிஎச் 9க்கு மேல் வேண்டும், மட்டி ஓடு அவ்வளவு தூரம் ஏற்றாது. ஆனால் மங்கனீசை ஒட்சியேற்றுகிற பற்றீரியாக்கள் 7இலேயே அதைச் செய்யும், இரும்பு தீர்ந்த பிறகுதான் தொடங்கும். மணல் பரலில் ஒரு கண்ணாடித் துண்டைப் புதைத்து வைத்து மருமகள் வாராவாரம் எடுத்துப் பார்க்கிறாள். போன முறை அதன் கீழ் நுனியில் கறுப்புப் புள்ளிகள் இருந்தன, தேசிக்காய்ச் சாறு விட்டும் போகவில்லை. மாரி தொடங்கமுன் தண்ணீரை மங்கனீசுக்கும் ஒருமுறை கொடுத்துப் பார்க்கவேண்டும், மழைக்குப் பிறகு நிலத்தடி நீரின் கணக்கே மாறிவிடும்.